தோட்டக் காணியும் சட்டத்தரணியின் ஆலோசனையும்

உரும்பிராய்ச் செம்மண்ணிலே வெங்காயம், புகையிலை, வாழை முதலிய பயிர்கள் கிணற்று நீரை நம்பியே வளர்கின்றன. தோட்டக் கிணறுகளிற் பல பங்குக் கிணறுகளாம். தகப்பன் வெட்டிய கிணறு பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பங்காகின்றது. ஆதலால் காணி உறுதியிலே பரப்பும் எல்லையும் மட்டுமன்றிக் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்படுதல் வேண்டும். இச்சில சொற்கள் விடுபட்டால், நல்ல விலை கொடுத்து வாங்கிய தோட்டமும் நீரின்றிக் கிடக்க நேரிடும்.

முற்காலத்தில் வழக்குப் பத்திரங்களை ஆயத்தஞ் செய்பவர் பிரக்கிராசி எனவும், மன்றில் வாதாடுபவர் அப்புக்காத்து எனவும் இரு வகையினராயிருந்தனர். 1974 முதல் இருசாராரும் சட்டத்தரணி என்னும் ஒரே பெயரின் கீழ் வந்தனர். உறுதி முடிப்பவர் நொத்தாரிசு. சட்டத்தரணிகள் பலர் நொத்தாரிசுமாராயும் கடமையாற்றுகின்றனர்.

கமக்காரர் பெரிதும் ஏமாறுவது குத்தகையிலேயாம். வாய்ச்சொல்லை நம்பி ஒருவர் தோட்டத்தைப் போகத்துக்கு எடுத்து, எருவிட்டு வெங்காயம் நடுகிறார். நடுவிலே காணிக்காரர் மனம் மாறினால் என் செய்வது? 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டாலன்றிச் சட்டத்தில் வலுவுடையதாகாது. விற்பனைக்கும் ஈட்டுக்கும் இவ்விதியே. நெற்காணிக் குத்தகையாளருக்கு 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் தனிக் காப்பளிக்கின்றது. வெங்காயத் தோட்டத்துக்கு அக்காப்பு இல்லை. ஆகவே நடுகைக்கு முன்னரே ஆலோசனை பெறுதல் நன்று.

பிரிக்கப்படாத பங்கை விற்பவர் வேறொன்றையும் கவனித்தல் வேண்டும். தேசவழமையின்படி பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் அதனை முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் இதனை வகுத்துள்ளது. அவர்களுக்கு அறிவியாது பிறருக்கு விற்றால், வாங்கியவர் வழக்கிற் சிக்குவார். முற்பணம் கொடுக்குமுன் காணிப் பதிவகத்தின் ஏடுகளைத் தேடுவித்தலும், உறுதி முடிந்தவுடன் பதிவு செய்வித்தலும் இன்றியமையாதன.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது உறுதிகளை இழந்தவர் உளர். அவற்றின் பிரதிகளைக் காணிப் பதிவகத்திற் கேட்டுப் பெறலாம். பத்தாண்டு எதிர் ஆட்சியால் உரிமை மாறக்கூடுமாதலின், போர்க்காலத்தை அக்கணக்கிலிருந்து கழிக்க 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அதன்கீழ் வழக்கிட இரண்டாண்டே தவணை அளிக்கப்பட்டிருந்தது. காலம் தாழ்த்துதல் எத்துணைக் கேடு என்பது இதனால் விளங்கும்.

ஒவ்வொரு பிணக்குக்கும் நீதிமன்றம் ஏறவேண்டியதில்லை. வேலிக்கு வழக்காடி, இரண்டு முழ நிலத்துக்காக இரண்டு பரப்பை விற்ற கதை யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. சிறு பிணக்குகளை 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை கேட்டு இணக்கம் செய்விக்கும். அங்கே சட்டத்தரணி தோன்றுவதில்லை. எனினும் இணக்கப் பத்திரத்திற் கையொப்பமிடுமுன் அதன் பொருளைக் கேட்டறிதல் தகும். பணவசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஆலோசனைக்குச் செல்வோர் பழைய உறுதிகள், நிலஅளவைப் படம், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றையும், உரித்தாளர் அனைவரின் பெயர்களையும் உடன் கொண்டுசெல்க. வெளிநாட்டில் உள்ள சகோதரரின் பெயரையும் மறைத்தல் கூடாது.