வலிக்கும் ஒரு கேட்

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் நாம் கேட் படிக்கிறோம். உடம்பிலும் ஒரு கேட் உண்டு என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்னார்கள். வலிச் செய்தி தண்டுவடத்தில் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது. மூளையும் மேலிருந்து செய்தி அனுப்பி அதைத் திறக்கும், மூடும். பயந்தால் வலி கூடும். மனசு பிடித்ததில் லயித்தால் குறையும்.

புற்றுநோயாளிகளின் வலியையும் பதட்டத்தையும் பாட்டு ஓரளவு குறைப்பதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் எந்தப் பாட்டு? அதை நோயாளிதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பாயிக்குப் புற்றுநோய். பார்க்க வந்தவர்களெல்லாம் சாமி பாட்டு போடச் சொன்னார்கள். அப்பாயி கேட்டதோ நடவுப் பாட்டு! அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பாடினாங்க. முனகல் அடங்கியது. "நிறுத்திடாதடி" என்றார் அப்பாயி.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பாட்டு மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. கடும் வலிக்கு மார்ஃபின் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழிகாட்டியது. "பழகிடும்" என்று பயந்து, டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தாதீங்க. நேரத்துக்குக் கொடுங்க. அப்புறம் கேளுங்க: "என்ன பாட்டு வேணும்?"