32 மூளையும் ஓர் உப்புப் பொட்டலமும்

இலங்கையின் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மழை பிடித்துவிட்டால், கொழுந்துக் கூடையோடு உப்புப் பொட்டலமும் மலைக்குப் போகும். வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குக் கிளம்பும்போதே சிலர் காலில் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசியிருப்பார்கள். சிலர் சுண்ணாம்பை நம்புவார்கள், சிலர் புகையிலையை. இத்தனை முஸ்தீபும் நூல் கனத்தில் நெளிகிற அட்டைக்காக. அப்படியும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாராவது ஒருத்தி, "அக்கா, கால பாருங்க, ரத்தம்!" என்று கத்துவாள். அக்காவுக்கு அதுவரை தெரிந்திருக்காது. வந்த விருந்தாளி குடித்து முடித்துக் கழன்று விழுந்து, அடுத்த செடியின் அடியில் சேர்ந்திருக்கும்.

இந்த விருந்தாளியின் புகழ் பழையது. 1344இல் சிவனொளிபாதமலைக்கு ஏறிய பயணி இப்னு பதூதா, இங்குள்ள அட்டைகள் ஆள்மேல் பாய்வதாகவும், ஊர்க்காரர்கள் அதற்கென்றே எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து பிழிந்து விழச் செய்வதாகவும் எழுதினார். பாயுமா, பாயாதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் 2024இல் மை ஃபாமி, மைக்கேல் டெஸ்லர் என்ற இரு ஆய்வாளர்கள், மடகாஸ்கரில் ஓர் அட்டை இலையிலிருந்து உடம்பை வில்லாக வளைத்துத் தாவுவதைப் படத்தோடு வெளியிட்டார்கள். 680 வருஷம் கழித்து பதூதாவுக்கு ஒரு சாட்சி. அது மடகாஸ்கர் அட்டை. நம் தேயிலை மலை அட்டையின் பெயர் ஹீமாடிப்ஸா ஸெய்லானிக்கா. ரத்த தாகமும் இலங்கையும் சேர்ந்த பெயர்.

மூளை ஆய்வாளர்களுக்கு அட்டை என்றால் தனிப் பிரியம். அவர்கள் மேசையில் இருப்பது மருத்துவத்துக்குப் பயன்படும் தண்ணீர் அட்டை, மலை அட்டையின் பங்காளி. அதன் வயிற்றோரமாக நரம்பு முடிச்சுகள் மணிமாலை மாதிரி ஓடுகின்றன. தலையில் நான்கு முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் 21, வாலில் ஏழு. மொத்தம் 32. 'அட்டைக்கு 32 மூளை' என்று சொல்வது இதை வைத்துத்தான். நடுவிலுள்ள ஒவ்வொரு முடிச்சிலும் சுமார் 400 நரம்பு செல்கள். நம் தலையிலோ ஏறத்தாழ 8,600 கோடி. ஆனால் அட்டையின் செல்கள் பெரியவை, எந்த அட்டையை எடுத்தாலும் ஒரே இடத்தில் இருப்பவை. 1968இல் ஜான் நிக்கல்ஸும் டெனிஸ் பேலரும் அவற்றில் எது தொடுகையை உணர்கிறது, எது அழுத்தத்தை, எது வலியை என்று தனித்தனியாக அடையாளம் காட்டினார்கள். 8,600 கோடிப் பேர் வாழும் ஊரில் விலாசம் தேடுவதைவிட, 400 பேர் குடியிருக்கும் தோட்ட லயத்தில் தேடுவது சுலபம் அல்லவா?

அட்டை கடித்தபின் அதைச் சீண்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: குத்தினாலும் கிள்ளினாலும் அது அசையாது. பிடிவாதம் என்று நினைப்போம். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் வில்லியம் கிறிஸ்டனின் குழு இதற்குள் புகுந்து பார்த்தது. சும்மா இருக்கும்போது தொட்டால் சுருங்கும் அட்டை, சாப்பிடும்போது தொடுகையைச் சட்டைசெய்வதில்லை. 2009இல் அவர்கள் சொன்ன காரணம்: தொடுகைச் செய்தியைக் கொண்டுவரும் நரம்பின் முனையிலேயே, அடுத்த செல்லுக்குக் கைமாறும் முன்பே, அது அமுக்கப்படுகிறது. அமுக்குவதில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளுக்குப் பங்குண்டு. நம் மனநிலையோடு சேர்த்துப் பேசப்படுகிற அதே செரோட்டோனின்தான். தொலைக்காட்சி நாடகம் ஓடும்போது சோறு தின்கிறவரைக் கூப்பிட்டுப் பார்த்த வீட்டுக்காரிகள் இதில் அதிசயப்பட மாட்டார்கள்.

அட்டை போனபிறகும் ரத்தம் ஏன் நிற்பதில்லை? ரத்தம் உறைய, த்ராம்பின் என்ற நொதி ரத்தத்திலுள்ள ஒரு புரதத்தை நாராகத் திரிக்கவேண்டும். அட்டையின் எச்சிலில் உள்ள பொருள் த்ராம்பினைக் கட்டிப்போட்டுவிடும். இப்படி ஒன்று இருப்பதை 1884இல் ஜான் ஹேக்ராஃப்ட் கண்டார். பிறகு அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. 1924இல் ஜெர்மனியில் கேயார்க் ஹாஸ், மனிதருக்கு முதன்முதலில் ரத்தச் சுத்திகரிப்பு செய்தபோது குழாயில் ரத்தம் உறையாமல் காத்தது அட்டை எச்சில்தான். இன்று இதயக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சையில் பயன்படும் பைவாலிருடின், ஹிருடினைப் பார்த்து வடித்த மருந்து.

எல்லா ஆய்வும் இவ்வளவு கம்பீரமானதல்ல. நோர்வேயின் பெர்கன் நகரில் பேர்ஹைம், சாண்ட்விக் என்ற இரு மருத்துவர்கள், அட்டைக்குப் பசியைத் தூண்ட வழி தேடினார்கள். பியரில் முக்கிய அட்டைகள் தலையை ஆட்டி, பிடி நழுவி, மல்லாக்க விழுந்தன. வெள்ளைப்பூண்டு தடவிய கையில் விடப்பட்டவை செத்தே போயின. 1996இல் இவர்களுக்கு, சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. பூண்டு விஷயத்தை எந்தத் தோட்டத்து ஆச்சியும் பரிசு வாங்காமலே நம்பியிருப்பாள்.

அட்டையை மெத்தையில் கிடத்தினாலும் செத்தையைத்தான் நாடும் என்று பழமொழி சொல்லிக் குணத்தைக் குறை கூறுகிறோம். அது அநியாயம். அட்டைக்கு நுரையீரல் இல்லை, தோலால் மூச்சுவிடுகிறது. தோல் காய்ந்தால் மூச்சு போச்சு. மெத்தை அதற்குப் பாலைவனம், ஈரச் செத்தைதான் ஆஸ்பத்திரி. உப்பு அதன் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால்தான் சுருண்டு விழுகிறது.

ஆனால் கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்புப் போட்டால், அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். ஒல்லியான முனைதான் வாய். அதன் பக்கத்தில் தோலோடு நகத்தை ஓட்டி நெம்பினால் பிடி விட்டுவிடும். உடனே தடித்த முனையையும் நெம்பிச் சுண்டவேண்டும், இல்லாவிட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். அக்கா இதெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டாள். காயத்தைத் தண்ணீரில் கழுவி, ஒரு காகிதத் துண்டை ஒட்டிக்கொண்டு தேயிலை நிரைக்குத் திரும்பிவிடுவாள். காகிதம் சிவந்துகொண்டே இருக்கும்.