உழவு இயந்திரத்தின் வழுக்குங் கிளச்சு: அறியும் முறையும் மாற்றும் முறையும்

பெரும்போக நெற்செய்கைக்கான ஆரம்பக் கூட்டத்தில் விதைப்பு நாளும் நீர் விடும் நாளும் முடிவு செய்யப்பட்டபின், கமக்காரரின் கையில் எஞ்சியிருப்பவை எண்ணிச் சில நாட்களே. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைச் சார்ந்த வயல்கள் யாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உழவை வேண்டி நிற்கும். அவ்வேளையில் ஓர் உழவு இயந்திரம் சேற்றில் நின்றுவிடுமாயின், நட்டம் அதன் சொந்தக்காரருக்கு மட்டுமன்று. அதனை வாடகைக்குப் பேசிக் காத்திருக்கும் அயல் வயற்காரர் அனைவருக்குமாகும். பிந்தி விதைத்த வயலில், நீர் நிறுத்தும் நாள் வரும்போது கதிர் முற்றியிராது.

இவ்வாறு நிற்கும் இயந்திரங்களுட் பலவற்றில் எஞ்சின் நல்ல நிலையிலேயே இருக்கும். பழுதுபட்டது கிளச்சாகும். கிளச்சு ஒரே நாளிற் கெடுவதில்லை; பல நாட்களுக்கு முன்னரே அடையாளங் காட்டும். அவ்வடையாளத்தை அறிந்தவர் போகத்துக்கு முன்னரே பழுது நீக்கிக்கொள்வர்.

கிளச்சின் தொழில்

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சில்லு பிளைவீல் எனப்படும். அதற்கும் வில்களால் இறுக்கப்படும் அழுத்தத் தட்டுக்கும் நடுவே, இருபுறமும் உராய்வுப் பூச்சுடைய கிளச்சுத் தட்டு அமைந்துள்ளது. இவ்விறுக்கத்தினாலேயே எஞ்சினின் வலு கியர்ப்பெட்டியைச் சென்றடைகிறது. மிதியை அழுத்தும்போது இறுக்கம் நீங்கித் தட்டு விடுபடும்.

பூச்சுத் தேய்ந்தாலும், அதில் ஒயில் படிந்தாலும், வில்கள் தளர்ந்தாலும் தட்டு வழுக்கத் தொடங்கும். வழுக்கலில் இழந்த வலு வீணே வெப்பமாக மாறும். 45 குதிரைவலுவில் இயங்கும் எஞ்சினின் வலுவிற் பத்தில் ஒரு பங்கு வழுக்கலிற் போகுமாயின், அவ்வெப்பம் 3,300 வாற்றுக்கும் மேற்படும். 1,000 வாற்று மின்னழுத்திகள் மூன்றை ஒருங்கே சூடேற்றி மூடிய பெட்டிக்குள் வைத்தாற் போன்றது அது. தட்டு கருகுவதும் பிளைவீல் நீலம் பாய்வதும் இதனாலேயாம்.

பழுது எங்குள்ளது?

வேகங் குறைந்தவுடன் டீசல் பம்பைக் குறைகூறுதல் பலரின் வழக்கம். கமக்காரர் முதலில் எஞ்சினின் ஒலியைக் கவனித்தல் வேண்டும்.

1. பாரம் ஏறும்போது எஞ்சினின் ஒலி உயர்ந்தும், சில்லுகள் விரைவு பெறாதிருப்பின், கிளச்சு வழுக்குகிறது. கருகல் மணமும் உடன் எழலாம்.

2. ஒலி தாழ்ந்து, கரும்புகை தள்ளுமாயின், பாரம் மிகுதி. அல்லது காற்று வடியிலோ எரிபொருள் வழியிலோ குறையுண்டு.

3. சில்லுகள் சுழன்றும் இயந்திரம் நகராதிருப்பின், அது சேற்றில் டயர் வழுக்குவதேயன்றிக் கிளச்சின் பழுதன்று. இரும்புக் கூட்டுச் சில்லே அதற்குப் பரிகாரம்.

ஐயம் நீங்க ஒரு சோதனை உண்டு. முன்னும் பின்னும் எவரும் நில்லாத சமதரையில் இயந்திரத்தை நிறுத்தி, இரு பிரேக்குகளையும் பூட்டி, உயர்ந்த கியரில் எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்து, மிதியை மெதுவாக விடுதல் வேண்டும். நல்ல கிளச்சாயின் எஞ்சின் திணறி நின்றுவிடும். நில்லாது ஓடிக்கொண்டிருப்பின் வழுக்கல் உறுதி. உடனே மிதியை அழுத்திச் சோதனையை முடித்தல் வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல தட்டும் கருகும்.

இரட்டைக் கிளச்சுள்ள இயந்திரங்களில் ஓட்டத்துக்கு ஒரு தட்டும், பி.ரி.ஓ. தண்டுக்கு இன்னொரு தட்டும் உண்டு. இயந்திரம் நன்கு நகர்ந்தும் ரொட்டவேற்றர் மண்ணிற் சிக்கி நிற்குமாயின், இரண்டாவது தட்டையே ஐயுற வேண்டும்.

டேர்போ பொருத்திய எஞ்சின்கள் குறைந்த சுற்றிலேயே மிக்க முறுக்குவிசை தருவன. ஆகவே, வெறும் பெட்டியோடு ஓடும்போது தோன்றாத வழுக்கல், நெல் மூடைகளை ஏற்றி உயர்ந்த கியரில் முடுக்கும்போது வெளிப்படும். பம்பைக் கூட்டி வலுவைப் பெருக்குவோர், கிளச்சு பழைய வலுவுக்கே அமைக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது.

கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

மிதியின் வெற்றசைவு: மிதியைக் கையால் அழுத்தினால், இறுக்கம் உணரப்படுமுன் சிறிது தூரம் இலகுவாகச் செல்லுதல் வேண்டும். பல இயந்திரங்களில் இது 20 முதல் 30 மில்லிமீற்றர் வரையாகும். சரியான அளவைக் கைந்நூலிற் காண்க. பூச்சுத் தேயத் தேய இவ்வசைவு குறையும். அசைவே இல்லையெனின் மிதி எந்நேரமும் சிறிது அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். தண்டைச் சரிசெய்த அளவில் வழுக்கல் நின்றுவிடுதலும் உண்டு.

ஒயிற் கசிவு: பல இயந்திரங்களின் கிளச்சுப் பெட்டியின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சேற்றால் அடைபட்டிருப்பின் குத்தித் திறந்துவிடுக. ஒயில் சொட்டுமாயின் பின்புற எஞ்சின் சீலோ கியர்த் தண்டின் சீலோ கெட்டுள்ளது. கியர் ஒயில் தடித்தும் கடுமணத்தோடும் இருப்பதால், எது கெட்டதென அறியலாம்.

பெல்ட்டு: கடலோர மணற்றரையில் மிளகாய், கத்தரி, வெண்டி செய்வோர் பயன்படுத்தும் இருசில்லு இயந்திரத்தில் எஞ்சினின் வலு பெரும்பாலும் பெல்ட்டுகளின் வழியே கிளச்சைச் சேர்கிறது. லேண்ட்மாஸ்டர் என்று மக்கள் வழங்கும் இவ்வியந்திரத்தில் பெல்ட்டுத் தளர்ந்தாலும் கிளச்சு வழுக்குவது போலவே தோன்றும். எனவே, எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைப் பார்த்த பின்னரே கிளச்சைக் கழற்றுக.

மாற்றும் முறை

நான்கு சில்லு இயந்திரங்கள் பலவற்றில் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் நடுவே பிரித்தாலன்றிக் கிளச்சைக் காண இயலாது. இது பயின்ற மெக்கானிக்கின் வேலை. எனினும் முறையை அறிந்த சொந்தக்காரர் ஏமாற்றத்துக்கு ஆளாகார்.

முதலிற் பாதுகாப்பு. கடினமான சமதரையில் நிறுத்தி, பற்றரி இணைப்பைக் கழற்றி, பின்சில்லுகளுக்கு அடைகொடுக்க வேண்டும். முன்னச்சு நடுவில் ஊசலாடும் தன்மையது. அதற்கும் எஞ்சினுக்கும் இடையே இருபுறமும் மர ஆப்பு இறுக்காவிடில் எஞ்சின் பக்கவாட்டிற் சரியும். இரு பாதிகளுக்கும் உறுதியான தாங்கிகள் வேண்டும். ஜக்கை மட்டும் நம்புதல் கூடாது. ஜும்ஆவுக்கோ உணவுக்கோ இடையிற் செல்ல நேரின், பிரித்த பாதிகளைத் தாங்கியின்றி விட்டுச் செல்லலாகாது, சிறுவர்களையும் அண்டவிடலாகாது.

பழைய பூச்சுகள் சிலவற்றில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடானது. காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியாற் துடைத்தல் வேண்டும்.

அழுத்தத் தட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. பிளைவீலில் வெடிப்போ ஆழ்ந்த கீறலோ இருப்பின் பட்டறையில் காட்டுக. கிளச்சுத் தட்டோடு கிளச்சுப் பேரிங்கையும், தண்டின் முனையைத் தாங்கும் சிறு பேரிங்கையும் மாற்றுதல் நன்று. அவற்றின் பொருட்டு இயந்திரத்தை மீண்டும் பிரிக்கும் கூலி பேரிங்குகளின் விலையிலும் மிகும். சீல் கசிந்திருப்பின் அதனை மாற்றாது புதிய தட்டைப் பூட்டுதல், ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

புதிய தட்டின் எப்பக்கம் பிளைவீலை நோக்க வேண்டுமென்பதை உறுதிசெய்து, நடுவமைக்குந் தண்டினால் அதனை நேராக நிறுத்துக. புதிய அழுத்தத் தட்டின் துருத்தடுப்பு எண்ணெயைத் துடைத்தகற்றுக. இரு பாதிகளும் தாமாகவே பொருந்தி வருதல் வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்தால் பாரம் முழுவதும் புதிய தட்டின் நடுவில் ஏறி அதனை வளைத்துவிடும். இறுதியில் வெற்றசைவைச் சரிசெய்து, முதற் சில நாட்கள் இலகுவான வேலையே கொடுக்க வேண்டும்.

சாரதியின் கால்

புதிய கிளச்சு நீடித்து உழைப்பது சாரதியின் காலைப் பொறுத்தது. ஓடும்போது மிதியின்மேற் காலை வைத்திருத்தல், சேற்றில் இறுகியபோது பாதி மிதியில் முடுக்குதல், ஏற்றத்தில் மிதியாலே தாங்கி நிற்றல் ஆகிய மூன்றும் விலக்கப்பட வேண்டியன. வேலையில்லாக் காலத்திலும் கிழமைக்கொருமுறை எஞ்சினை இயக்கி மிதியை அழுத்தி விடுதல் நலம். இன்றேல் கடற்காற்றின் துருவினால் தட்டு பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளக்கூடும்.

சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக உழவு தொடங்குமுன் கிடைக்கும் இடைக்காலமே இச்சோதனைக்கு ஏற்றது. அன்று செலவிடும் அரைமணி நேரம், நீர் திறந்தபின் இழக்கக்கூடிய ஒரு கிழமையைக் காத்துத் தரும்.