நாடாவிலிருந்து வட்டுக்கு

நுழையும்முன்

பனையோலையில் எழுதிய நூல்கள் சிதைவதற்கு முன்பே, அவற்றைப் புதிய ஓலையில் படியெடுத்துக் காத்தனர் நம் முன்னோர். திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா முதலியவற்றைப் பதிவு செய்த வீடியோ கேசட்டுகளும் இன்று பழைய ஓலைகளின் நிலையை அடைந்துள்ளன. அவற்றை எண்ணிம வட்டில் படியெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

படியின் பெருமை

திருவனந்தபுரத்தில்தான் மலையாளத்தின் முதல் திரைப்படமாகிய ‘விகதகுமாரன்’ உருவானது. அதனை எடுத்தவர் ஜே.சி. டேனியல். அவர் குமரி மாவட்டத்து அகத்தீசுவரத்தில் இறுதிக் காலத்தைக் கழித்து, 1975இல் மறைந்தார். அவருடைய படத்தின் சுருள் இன்று கிடைக்கவில்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ படத்தின் சுருளும் கிடைக்கவில்லை.

1969இல் மனிதன் நிலவில் கால்வைத்த காட்சியைப் பதிவு செய்த மூல நாடாக்களும் தப்பவில்லை. அவை அழிக்கப்பட்டு மறுபயன்பாட்டுக்குச் சென்றிருக்க வேண்டும் என்று நாசா நிறுவனம் 2009இல் தெரிவித்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த படிகளே அக்காட்சியைக் காப்பாற்றின.

திருவனந்தபுரத்தில் பிறந்த பி.கே. நாயர், புனேயில் 1964இல் தொடங்கப்பெற்ற இந்திய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்காக ஆயிரக்கணக்கான படங்களைத் திரட்டினார். திரைப்படங்களுக்கு இத்தகைய காப்பகம் உண்டு. வீட்டுக் கேசட்டுகளுக்கோ வீட்டாரே காப்பகம்.

நாடாவின் அமைப்பு

ஜப்பான் நாட்டின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். வகைக் கேசட்டை அறிமுகம் செய்தது. அதனுள் 12.7 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய நாடா சுற்றப்பட்டிருக்கும். நாடாவின் மேல் நுண்ணிய காந்தத் துகள்கள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். காட்சியும் ஒலியும் இத்துகள்களில்தான் பதிவாகியுள்ளன. கேசட்டை இயக்கும் வி.சி.ஆர். கருவியில் ஓர் உருளை நொடிக்கு 25 முறை சுழலும். அவ்வுருளையில் உள்ள காந்தமுனைகள் நாடாவைத் தொட்டுப் பதிவைப் படிக்கும்.

காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சினால் பசை இளகும், துகள்கள் உதிரும். உதிர்ந்த இடங்களில் படத்தில் வெண்கோடுகள் தோன்றும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் திருவனந்தபுரத்தில் பூஞ்சையும் எளிதில் படியும். கேசட்டின் சிறு சாளரம் வழியே நோக்கினால் சுருளின் மேல் அது வெண்படலமாகத் தெரியும். பூஞ்சை படிந்த கேசட்டைக் கருவியில் இடலாகாது. இட்டால் நாடா அறுந்துபோகலாம். பூஞ்சை கருவிக்கும், அதன் வழியே பிற கேசட்டுகளுக்கும் பரவும். அதனை ஈரத்துணியால் துடைத்தலும் தவறு. பழுது நீக்கும் வல்லுநரிடமே கொடுக்க வேண்டும்.

நாடா நலமாக இருந்தாலும், அதனை ஓட்டும் கருவி அருகிவிட்டது. வி.சி.ஆர். தயாரிப்பில் கடைசியாக எஞ்சியிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அதனை நிறுத்திக்கொண்டது. ஆகவே இப்பணியை ஒத்திப்போடுதல் நன்றன்று.

செய்முறை

தேவையானவை: நன்கு இயங்கும் வி.சி.ஆர்.; வட்டு எழுதும் வசதியுள்ள கணினி; ‘வீடியோ கேப்சர்’ எனப்படும் சிறிய மாற்றுக்கருவி; மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட இணைப்புக் கம்பி. வீட்டுப் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

1. கேசட்டின் முதுகுப்புற ஓரத்தில் உள்ள சிறு தகட்டை உடைத்து நீக்குக. பழைய பதிவின் மேல் தவறுதலாகப் புதிய பதிவு விழுவதை இது தடுக்கும்.

2. நாடாவை ஒருமுறை இறுதிவரை ஓட்டி, மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றுக. நெடுங்காலம் அசையாதிருந்த சுருளின் இறுக்கம் சீராகும்.

3. மஞ்சள் முனையைக் காட்சித் துளையிலும், சிவப்பு, வெள்ளை முனைகளை ஒலித் துளைகளிலும் இணைக்க. ஒலித் துளை ஒன்றே இருப்பின் வெள்ளை முனை போதும். கம்பியின் மறுமுனைகளை மாற்றுக்கருவியில் பொருத்தி, அக்கருவியைக் கணினியின் யூ.எஸ்.பி. துளையில் செருகுக.

4. சில நிமிடங்கள் மட்டும் பதிவு செய்து பார்க்க. படம் நடுங்கினால் வி.சி.ஆர். கருவியின் ‘டிராக்கிங்’ பொத்தானைக் கொண்டு சரிசெய்க. ஒலி தெளிவாகக் கேட்கிறதா என்பதையும் அறிக.

5. பின்னர் முழுவதையும் பதிவு செய்க. இப்பணியை விரைவுபடுத்த இயலாது. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். இடையில் கணினி உறங்கிவிடாதவாறு அமைத்துக்கொள்க.

6. பதிவான கோப்பை ஓடவிட்டுப் பார்த்தபின் வட்டில் எழுதுக. 4.7 ஜி.பி. கொள்ளளவுள்ள டிவிடி வட்டில் ஏறத்தாழ இரண்டு மணி நேரக் காட்சி நல்ல தரத்தில் அடங்கும். நீண்ட கேசட்டுக்கு இரண்டு வட்டுகள் வேண்டும்.

வட்டைக் காத்தல்

வட்டும் அழிவற்றதன்று. வெயிலும் வெப்பமும் அதிலுள்ள சாயப் படலத்தைக் கெடுக்கும். கீறல்களும் கேடு தரும். வட்டு இயக்கி இல்லாத கணினிகளும் பெருகிவிட்டன. ஆகையால் ஒரு படியை வட்டிலும், ஒன்றை வன்தட்டிலும், மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்தல் நன்று. மூலக் கேசட்டையும் எறியலாகாது. ஈரமற்ற இடத்தில், ஒலிபெருக்கி போன்ற காந்தமுள்ள பொருள்களுக்கு எட்ட, நிமிர்த்தி வைக்க வேண்டும்.

கருவி சொல்லாதது

கருவி காட்சியைப் படியெடுக்கும். காட்சியில் இருப்பவர் யார் என்று சொல்லாது. மணமேடையில் மணமகளுக்கு மாலை எடுத்துக் கொடுப்பவர் தாய்மாமனா, சிற்றப்பாவா? பந்தியில் பரிமாறும் பெண் அத்தையா, சித்தியா? நலங்குப் பாட்டைத் தொடங்கி வைக்கும் மூதாட்டி எந்த ஊரினர்? இவற்றை அறிந்தவர்கள் வீட்டுப் பெரியோர் மட்டுமே. அவர்களும் மறந்துவிட்டால், வட்டில் முகங்கள் இருக்கும்; உறவு இராது.

ஊர் பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இக்கேசட்டுகள் மேலும் ஒரு செல்வத்தைத் தருகின்றன. நாஞ்சில் நாட்டுப் பேச்சும் திருநெல்வேலிப் பேச்சும், அவற்றைப் பேசியவர் குரலிலேயே அங்குப் பதிந்துள்ளன. பேரனும் பேத்தியும் நேரில் கேளாத தமிழ் அது.

எனவே, பதிவு ஓடும்போது பெரியோரை அருகில் அமர்த்தி, அவர்கள் கூறும் பெயரையும் முறையையும் ஊரையும் தமிழிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஏடுகளைப் படியெடுத்தவர்கள் அவற்றின் இறுதியில் தம் பெயரையும் முடித்த நாளையும் எழுதி வைப்பதுண்டு. கேசட்டைப் படியெடுக்கும் மாணவரும் குறிப்பின் இறுதியில் அவ்வாறே எழுதலாம்.

சொற்பொருள்

படியெடுத்தல் – ஒன்றைப் போலவே மற்றொன்று ஆக்குதல்
அருகுதல் – குறைதல்
வன்தட்டு – கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் கருவி
முறை – உறவு முறை

பயிற்சி

1. பூஞ்சை படிந்த கேசட்டைக் கருவியில் இடலாகாது. ஏன்?

2. ‘வீட்டுக் கேசட்டுகளுக்கு வீட்டாரே காப்பகம்’ – இத்தொடரை விளக்குக.

3. செய்முறைப் பகுதியிலிருந்து ஐந்து வியங்கோள் வினைமுற்றுகளை எடுத்து எழுதுக. (எ.கா.: சுற்றுக)

4. செயல்பாடு: உங்கள் வீட்டிலுள்ள பழைய கேசட் அல்லது நிழற்படம் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு நிரப்புக.

நிகழ்ச்சி: ................
நாளும் ஊரும்: ................
காட்சியில் இருப்போர், உறவு முறை: ................
குறிப்பு எழுதியவர், எழுதிய நாள்: ................