வீட்டை விற்றுவிட்டு மலையில் குடியேறலாமா?

"ஒரு மழைக்காலம் முடியட்டும், பிறகு கையெழுத்துப் போடுங்கள்" என்றார் மனைவி

2023-ம் ஆண்டு மே மாதம். கத்திரி வெயில் கொளுத்திக் கொண்டிருந்தது.

சென்னை சைதாப்பேட்டையில் ஒரு வீடு. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் அந்த வீட்டுக்காரர். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 63.

"இந்த வீட்டை விற்றுவிடப் போகிறேன்" என்றார்.

அடுப்படியில் இருந்த மனைவி திடுக்கிட்டு வெளியே வந்தார்.

"விற்றுவிட்டு?"

"கோத்தகிரிக்குப் போய்விடலாம். அங்கே மின்சார விசிறியே வேண்டாம்! புரோக்கரிடம் சொல்லிவிட்டேன். ஆள் வந்திருக்கிறது. முன்பணம் தரத் தயாராக இருக்கிறார்கள்."

மனைவி பதில் பேசவில்லை. வாசலில் நின்ற வேப்பமரத்தைப் பார்த்தார். அது மாமியார் வைத்த மரம். அதன் நிழலில்தான் அவருடைய பெண் தவழ்ந்தாள். அதன் அடியில்தான் அவளுடைய கல்யாணப் பந்தலும் போட்டார்கள்.

ஆனால் அதே வீட்டில்தான் 2015-ம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளமும் புகுந்தது. ஜன்னல் வரை தண்ணீர். கல்யாணப் போட்டோ, பாத்திரம், பண்டம் எல்லாம் போயிற்று. மொட்டை மாடியில் இரண்டு இரவு உட்கார்ந்திருந்ததை அவர் மறக்கவில்லை.

"விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை" என்றார் கடைசியில். "முதலில் வாடகைக்குப் போவோம். ஒரு மழைக்காலம், ஒரு பனிக்காலம் இருந்து பார்ப்போம். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்."

"நல்ல விலை கை நழுவிவிடுமே!"

"விலை நழுவினால் இன்னொரு விலை வரும். வீடு நழுவினால் எங்கே போவது?"

ஆசிரியருக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் மனைவியோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சம்மதித்தார்.

அந்தச் சம்மதம் அவர்களை எதிலிருந்தெல்லாம் காப்பாற்றியது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கோத்தகிரி எப்படிப்பட்ட ஊர்?

கோத்தகிரி, நீலகிரி மாவட்டத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் இருந்து மலைப்பாதையில் 33 கிலோ மீட்டர் தூரம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 6,000 அடி உயரம். ஊட்டியோ 7,300 அடிக்கு மேல். அதனால் ஊட்டி அளவுக்கு இங்கே குளிர் இல்லை. வெயிலும் சுடுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 8,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது தொட்டபெட்டா சிகரம். தென்மேற்குப் பருவ மழையை அது தடுத்துக் கொள்கிறது. ஆகவே ஆடி மாதத்தில் கூடலூர்ப் பக்கம் மழை கொட்டும்போது, கோத்தகிரியில் அந்த அளவுக்கு மழை இருக்காது. இங்கே பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான்.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ம் ஆண்டு நீலகிரிக்கு வந்தார். கோத்தகிரி அருகே உள்ள கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். அந்தக் கட்டடத்தை இன்றும் நினைவகமாகப் பாதுகாத்து வருகிறார்கள். ஆனால் அவருக்கு முன்பே பல தலைமுறைகளாக இந்த மலையில் வாழ்ந்து வருபவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் மக்கள். படகர்கள் தங்கள் கிராமத்தை "ஹட்டி" என்பார்கள்.

சுற்றிலும் தேயிலைத் தோட்டம். காலையில் வீட்டு வாசலுக்கே மேகம் வரும். ஆசிரியருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை!

மாவு புளிக்கவில்லை!

மனைவிக்கோ முதல் வாரத்திலேயே கவலை. இரவு அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் அப்படியே இருந்தது. பொங்கவே இல்லை! தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிட்டது. உப்பு நீர்த்துப் போனது. துவைத்த புடவை மூன்று நாளாகியும் காயவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் வழி சொன்னார். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தார். மறுநாள் மாவு பொங்கியது. மார்கழி, தையில் மட்டும் இரண்டு நாள் முன்பே அரைக்க வேண்டி இருந்தது.

"இருட்டிய பிறகு டார்ச் விளக்கு இல்லாமல் வெளியே போகாதீர்கள்" என்றும் அந்த அம்மாள் எச்சரித்தார். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும். கரடி வரும். கோவில் விளக்கில் இருக்கும் எண்ணெய்க்காகவே கரடி கதவை உடைப்பது உண்டு!

மார்கழி மாதம், பேரகணியில் நடக்கும் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு அந்த அம்மாளே இவரை அழைத்துப் போனார். வெள்ளை உடுத்திய பெருங்கூட்டத்தின் நடுவே நின்றபோது, "ஊரில் நமக்கும் ஒரு ஆள் இருக்கிறது" என்ற தைரியம் வந்ததாம்.

ஓடைக்கரை மனை

இதற்கிடையே ஆசிரியர் ஒரு மனை பார்த்துவிட்டார். சரிவான இடம். கீழே ஓடை. எதிரே பள்ளத்தாக்கு. விலையும் குறைவு.

அந்த வழியாக வந்த ஒரு பெரியவர் நின்றார்.

"இங்கேயா வீடு கட்டப் போகிறீர்கள்? கார்த்திகை மழையில் வந்து பாருங்கள், ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் போய்ப் பார்த்தார் ஆசிரியர். மனையில் ஒரு பகுதி இல்லை! மண் சரிந்து ஓடையில் கிடந்தது.

இது விளையாட்டு அல்ல. 2009-ம் ஆண்டு நவம்பர் மாதம் நீலகிரியில் பெருமழை பெய்தது. பல இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். சரிவை வெட்டி, மரத்தை அகற்றி, ஓடையை அடைத்துக் கட்டும்போது மண்ணுக்குப் பிடிப்பு போய்விடுகிறது. மழை நீர் உள்ளே இறங்கியதும் சரிகிறது.

அதனால்தான் மலைப் பகுதியில் வீட்டின் உயரத்துக்கும் பரப்புக்கும் அரசாங்கம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அனுமதி இல்லாமல் இயந்திரம் வைத்து மண் வெட்டக் கூடாது. தேயிலை நிலத்தை வாங்கி, நினைத்தபடி வீடு கட்டிவிடவும் முடியாது. கூடலூர்ப் பக்கத்தில் 1969-ம் ஆண்டு ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் வரும் நிலங்களில் பட்டாத் தகராறு நெடுங்காலமாக நடக்கிறது. விலை குறைவு என்று அவசரப்பட்டால் பணமும் போகும், நிம்மதியும் போகும்.

அந்த இரவு

அதே கார்த்திகை மாதம். ஒரு நாள் இரவு 11 மணி. ஆசிரியருக்கு நெஞ்சு வலித்தது. வேர்த்துக் கொட்டியது.

வெளியே பலத்த மழை. மேட்டுப்பாளையம் பாதையில் மரம் விழுந்துவிட்டது என்று சொன்னார்கள். மனைவிக்குக் கையும் காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம்முடைய ஜீப்பை எடுத்தார். ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் ஊசி போட்டு, இரவு முழுவதும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விடிந்து, பாதை சரியான பிறகு கோவைக்கு அழைத்துப் போனார்கள்.

நல்ல வேளை, மாரடைப்பு அல்ல. ஆனால் விடியும் வரை காத்திருந்த அந்த ஆறு மணி நேரம்!

"தனிக் காட்டில் வீடு வேண்டாம். ஆஸ்பத்திரியும் கடைத் தெருவும் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும்" என்று அன்று மனைவி சொன்னார். கணவர் மறுக்கவில்லை.

பத்திரம் எழுதும் முன்பு

பனிக்காலமும் முடிந்தது. "இப்போது விற்கலாம்" என்று முதலில் சொன்னவர் மனைவிதான்!

2024-ம் ஆண்டு மார்ச் மாதம் சைதாப்பேட்டை வீடு கைமாறியது. மே மாதம் வந்த விலையைவிடக் குறையவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பாங்கியில் போட்டுவிட்டார்கள். மீதிப் பணத்தில், கோத்தகிரி ஊருக்குள்ளேயே இரண்டு அறை உள்ள பழைய வீட்டை வாங்கினார்கள்.

இப்படிச் செய்ய நினைப்பவர்கள் சில விஷயங்களைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

வாங்கும் சொத்துக்கு மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் பாருங்கள். வக்கீலிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 100 ரூபாய்க்கு 9 ரூபாய் என்று தனியே எடுத்து வையுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று லாபம் வந்தால், அதற்கு வருமான வரி உண்டு. ஆனால் விற்ற 2 ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலும், 3 ஆண்டுகளுக்குள் கட்டினாலும், அதில் போட்ட லாபத்துக்கு வரிச் சலுகை கிடைக்கும். புது வீட்டை 3 ஆண்டுகளுக்குள் விற்றால் சலுகை போய்விடும். விலை 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குகிறவர் 1 சதவீதத்தைப் பிடித்து வரியாகக் கட்டுவார். அதற்கு அத்தாட்சி வாங்கிக் கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு, பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசுங்கள்.

சாவி

சாவியைக் கொடுத்த அன்று, மனைவி வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாசலைத் தெளித்து, கோலம் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வந்தார்கள். சைதாப்பேட்டைத் தெருவுக்கும் போனார்கள். வீடு இல்லை. மரமும் இல்லை. அடுக்கு மாடி கட்டுவதற்குக் கம்பி கட்டிக் கொண்டிருந்தார்கள்.

மனைவி அழுதார். ஆசிரியர் அவர் கையைப் பிடித்துக் கொண்டார்.

"வருத்தமாக இருக்கிறதா?" என்று நாம் கேட்டோம்.

"இருக்காதா? ஆனால் ஏமாந்துவிட்டோம் என்ற வருத்தம் இல்லை. பார்த்து, பழகி, தெரிந்துதானே போனோம்" என்றார்.

சென்னையில் இருந்து கொண்டுபோன மல்லிகைப் பதியன் கோத்தகிரிக் குளிரில் பிழைக்கவில்லை. இப்போது வாசலில் ரோஜா பூக்கிறது. கோடை விடுமுறைக்குப் பேரப் பிள்ளைகள் வருகிறார்கள்.

மலைக்குக் குடிபோக ஆசையா? நல்ல ஆசைதான். ஆனால் மே மாதத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். கார்த்திகை மழையில் போய் இருந்து பாருங்கள். அதுவரை வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்!