முன்வாசல் பூட்டியாச்சு... பின்வாசல்?

கடை, மில், கிளினிக், அலுவலகம் நடத்துபவர்களுக்கு ஒரு எளிய பாதுகாப்பு வழிகாட்டி

ராஜபாளையம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நாய்தான். வெள்ளை உடம்பு, சிவந்த மூக்கு, நீண்ட கால்கள். 2005-ல் அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய நாட்டு இனம். தோட்டக் காவலுக்கும் வீட்டுக் காவலுக்கும் பேர்போனது. இந்த நாயிடம் ஒரு குணம் உண்டு. தெரியாத ஆள் எவ்வளவு நல்ல சட்டை போட்டு வந்தாலும் லேசில் நம்பாது. "கூரியர் சார்", "பேங்க்ல இருந்து வர்றேன்" என்று சொன்னாலும் அதனிடம் எடுபடாது.

நம்மிடம்தான் அந்தக் குணம் கொஞ்சம் குறைவு.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போனால் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் நூற்பாலைகளும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி யூனிட்டுகளும். இன்னொரு பக்கம் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவை விற்கும் கடைகள். நடுவில் எத்தனையோ கிளினிக், டியூஷன் சென்டர், ஆடிட்டர் அலுவலகம், இ-சேவை மையம். முன்பெல்லாம் இந்த இடங்களில் காப்பாற்ற வேண்டியவை மூன்றுதான்: கல்லாப்பெட்டி, சரக்கு, பத்திரம். இன்று கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. வசூல் கியூஆர் அட்டையில் வருகிறது. வாடிக்கையாளரின் ஆதார் நகல் வாட்ஸ்அப்பில் கிடக்கிறது.

ஆனாலும் நாம் இதை இரண்டு தனி வேலையாகவே பார்க்கிறோம். பூட்டு, கேட் எல்லாம் வாட்ச்மேன் பொறுப்பு. கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் "சிஸ்டம் பார்க்கிற பையன்" பொறுப்பு. திருடுபவருக்கு இந்தப் பிரிவினை கிடையாது. எந்தக் கதவு லேசாகத் திறக்கிறதோ அந்த வழியாக வருவார். அதனால் பூட்டையும் பாஸ்வேர்டையும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்க்க வேண்டும். எப்படி என்று பார்க்கலாம், வாங்க.

முதலில் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றுங்கள்

2019 அக்டோபர் 2 அதிகாலையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரியில் நடந்த கொள்ளை நினைவிருக்கும். முகமூடி போட்ட இருவர், கடையின் பின்பக்கச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட்டு உள்ளே வந்தார்கள். சுமார் 13 கோடி ரூபாய் நகை போனது. மோப்ப நாயைக் குழப்ப மிளகாய்ப் பொடி தூவிவிட்டுப் போனார்கள். பிறகு போலீசார் கும்பலைப் பிடித்தது தனிக்கதை.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, காவல் முழுவதும் முன்பக்கம் இருந்தால், வருகிறவர் பின்பக்கம் வருவார். இரண்டு, கேமரா பதிவு செய்யும், தடுக்காது. அது நல்ல சாட்சி, ஆனால் காவலாளி ஆகாது.

எனவே கடை மூடிய பிறகு ஒருநாள், வெளியாள் மாதிரி உங்கள் கட்டடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். பக்கத்துக் காலிமனையிலிருந்து ஏற முடிகிறதா? பாத்ரூம் ஜன்னல் கம்பி துருப்பிடித்திருக்கிறதா? ஏசி மெஷினுக்காக உடைத்த சுவர் சரியாகப் பூசப்பட்டிருக்கிறதா? மொட்டைமாடிக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? பின்சந்தில் விளக்கு எரிகிறதா? ஒரு எல்இடி பல்பு கூடப் பெரிய வித்தியாசம் செய்யும்.

சாவி விஷயத்திலும் ஒரு கணக்கு வேண்டும். மொத்தம் எத்தனை சாவி, யார் யாரிடம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வேலையை விட்டுப் போனவர் சாவியைத் திருப்பித் தரவில்லை என்றால் பூட்டையே மாற்றிவிடுங்கள். சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தமில்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் அவர் மீது வீண்பழி வராமல் இருக்கவும் இது உதவும்.

ஒரு எச்சரிக்கை: திருட்டுக்குப் பயந்து, ஆள் உள்ளே இருக்கும்போது அவசர வழியைப் பூட்டாதீர்கள். பஞ்சும் நூலும் துணியும் இருக்கும் இடத்தில் தீ பரவ அதிக நேரம் ஆகாது. அவசரக் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். வெளியிலிருந்து திறக்கக் கூடாது. அப்படிப்பட்ட தாழ்ப்பாள்கள் கடைகளில் கிடைக்கின்றன.

வாட்ச்மேனும் ஒரு உயிர்தான்

2025 நவம்பரில் ராஜபாளையம் அருகே தேவதானம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலில் இரவுக் காவலில் இருந்த இருவர் கொலை செய்யப்பட்டார்கள். நம் பகுதி மக்களை உலுக்கிய சம்பவம். பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பொருளைப் பற்றியே பேசுகிறோம். அந்தப் பொருளுக்கு முன்னால் ஒரு மனிதர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறோம்.

இரவுக் காவலுக்கு வருபவர்களில் பலர் வயதானவர்கள். கையில் ஒரு டார்ச், ஒரு கம்பு, ஒரு பழைய போன். அவ்வளவுதான். அவர்களுக்கு நாம் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல:

• உள்ளிருந்து தாழிட்டு உட்காரக்கூடிய ஒரு சின்ன அறை. வெளியே வராமலே பார்க்க ஒரு ஜன்னல், நல்ல வெளிச்சம்.
• ஒரே அழுத்தில் அலறும் சைரன். பொத்தான் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.
• போனில் 112-ம், உள்ளூர் காவல் நிலைய எண்ணும், முதலாளி எண்ணும் வேக அழைப்பில். ஸ்மார்ட்போன் இருந்தால் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி. அதில் உள்ள சிவப்புப் பொத்தான் ஆபத்து நேரத்துக்கானது.
• ராத்திரி குறிப்பிட்ட நேரங்களில் "எல்லாம் சரியா?" என்று கேட்கும் ஒரு அழைப்பு. பதில் வரவில்லை என்றால் யார் போய்ப் பார்ப்பது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இதோடு ஒரு வார்த்தை அவரிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்: "யாராவது ஆயுதத்தோடு வந்தா எதிர்த்து நிக்காதீங்க. கதவைத் தாழ் போட்டுட்டு போன் பண்ணுங்க. பொருள் போனா போகட்டும்." இதை முதலாளியே வாய்விட்டுச் சொன்னால்தான் அவர் நம்புவார்.

காவலுக்கு வைத்த கேமராவே கதவாகிவிட்டால்?

குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் 2025 பிப்ரவரியில் இணையத்தில் கசிந்தன. சிகிச்சைக்கு வந்த பெண்களின் காட்சிகள் அவை. திருடர்கள் யாரும் உள்ளே நுழையவில்லை. கேமரா வாங்கியபோது கம்பெனி போட்டுக்கொடுத்த 'அட்மின்123' மாதிரியான பாஸ்வேர்டு மாற்றப்படாமலே இருந்திருக்கிறது என்று செய்திகள் வந்தன.

இது புதுசும் இல்லை. 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ் இதே வழியில்தான் பரவியது. உலகம் முழுவதும் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டிவிஆர் பெட்டிகளையும் தேடிப் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. அந்தப் படையை வைத்து அந்த ஆண்டு அக்டோபரில் பெரிய பெரிய இணையதளங்களையே சில மணி நேரம் முடக்கினார்கள்.

கேமரா வைத்திருப்பவர்கள் இன்றே செய்ய வேண்டியது:

• கேமரா, டிவிஆர், வைஃபை ரூட்டர் மூன்றின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மாட்டிக்கொடுத்த டெக்னீஷியனுக்கு மட்டும் தெரிந்து, உங்களுக்குத் தெரியாத பாஸ்வேர்டு இருக்கக் கூடாது.
• டிவிஆர் பெட்டியைக் கல்லாமேஜை மேல் வைக்காதீர்கள். பூட்டிய அலமாரியில், காற்றோட்டத்தோடு வையுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் சாட்சியும் போச்சு.
• உடை மாற்றும் அறை, மருத்துவப் பரிசோதனை அறை, கழிப்பறை ஆகிய இடங்களில் கேமரா வைப்பது குற்றம். அதற்குக் காரணமே சொல்ல முடியாது.
• தேதி, நேரம் சரியாக ஓடுகிறதா, எத்தனை நாள் பதிவு நிற்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். போலீஸ் கேட்கும்போதுதான் பலருக்குக் கேமரா பல மாதமாக ஓடவில்லை என்பதே தெரியவருகிறது.
• புதிதாக வாங்குவதாக இருந்தால் பிஐஎஸ் பதிவு எண் உள்ள கேமராவாகப் பாருங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்கு இணையப் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயம்.

கூடங்குளம் சொல்லித்தரும் பாடம்

"நம்ம சின்ன கடை, நம்ம கம்ப்யூட்டரை யார் பார்க்கப் போறா?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய இடத்தில் நடந்ததைப் பார்த்தால், சின்ன இடம் எப்படி இருக்க வேண்டும் என்பது புரியும்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரு கம்ப்யூட்டரில் தீங்கு மென்பொருள் இருப்பதை, மத்திய அரசின் கணினி அவசரக்கால அமைப்பான செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4 அன்று தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் அதை உறுதி செய்தது. அது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு ஊழியரின் கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்று கழகம் விளக்கியது.

கவனிக்க வேண்டிய சொல் 'தனியாக'. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டாததுதான் அங்கே காப்பாற்றியது. இதையே நம் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபை வேறு, பில் போடும் கம்ப்யூட்டரின் வைஃபை வேறாக இருக்கட்டும். பெரும்பாலான ரூட்டர்களில் 'கெஸ்ட்' வசதி இருக்கிறது. இணைய இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டால் போட்டுத் தருவார். மில்லில் மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரில் யூடியூப் பார்க்க வேண்டாம். பிரின்ட் எடுக்க வருகிறவரின் பென் டிரைவைக் கணக்கு கம்ப்யூட்டரில் சொருக வேண்டாம். அதற்கென்று ஒரு தனி கம்ப்யூட்டர் ஒதுக்குங்கள்.

அடுத்தது அப்டேட். 2017 மே மாதம் உலகை உலுக்கிய 'வானாக்ரை' வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உங்கள் கடையில் இன்னும் அதுதான் ஓடுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, நகல். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. நாட்டின் முதன்மையான மருத்துவமனையிலேயே பல நாட்கள் பேனா, பேப்பர் வைத்து நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். உங்கள் கணக்குக்கு மூன்று நகல் வேண்டும்: கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று. நகல் எடுத்ததும் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். சொருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். மூன்றாவதை வீட்டில் வையுங்கள். கடையில் தீப்பிடித்தாலும் கணக்கு மிஞ்சும்.

பாஸ்வேர்டு எழுதிய மஞ்சள் தாளை மானிட்டரில் ஒட்டும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு சான்றிதழ் பிரின்ட் எடுக்கப் போன இடத்தில், வரிசையில் நின்ற ஐந்து நிமிடத்தில் அந்த மையத்தின் பாஸ்வேர்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது!

கல்லாப்பெட்டி இப்போது வாசலில் இருக்கிறது

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளின் கியூஆர் அட்டைகள் மேல் வேறு கியூஆர் ஒட்டிவிட்டார்கள். காலையில் வாடிக்கையாளர் கட்டிய பணம் வேறொருவர் கணக்குக்குப் போனது. ஆண்டாள் கோயில் பக்கம் கூட்டம் அலைமோதும் திருவிழா நாளில் ஒரு பால்கோவா கடையில் இப்படி நடந்தால், தெரியவரும்போது பொழுது சாய்ந்திருக்கும். கடை மூடும்போது அட்டையை உள்ளே எடுத்து வையுங்கள். காலையில் நீங்களே ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

பஞ்சு, நூல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு வலை. வழக்கமாகச் சரக்கு அனுப்புகிறவர் பெயரில் ஒரு மெயில் வரும்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்." மெயில் முகவரியில் ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கும். கணக்கு எண் மாறியதாக எந்த மெயில் வந்தாலும், உங்களிடம் முன்பே இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, குரலைக் கேட்டு உறுதி செய்த பிறகுதான் பணம் அனுப்ப வேண்டும். மெயிலில் கொடுத்திருக்கும் நம்பருக்குப் பேசக் கூடாது. அதை எடுப்பவரும் அவர்கள் ஆளாகவே இருப்பார்.

நடந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு இருப்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், வங்கி பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 'சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்' தளத்திலும் புகார் செய்யலாம்.

வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். 2017-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போனது உங்கள் இழப்பு. அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு.

கம்ப்யூட்டர் பூட்டப்பட்டு "பணம் கட்டு" என்று திரையில் வந்தால், இணைய வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். எதையும் அழிக்காமல் திரையைப் போனில் படம் எடுங்கள். பணம் கட்டினாலும் தரவு திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. செர்ட்-இன் உதவி எண் 1800-11-4949. 2022-ல் வந்த உத்தரவுப்படி நிறுவனங்கள் இத்தகைய சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

கட்டடத்தில் திருட்டு நடந்திருந்தால் எதையும் தொடாமல் 112 அல்லது 100. தீ என்றால் 101.

இந்த வாரம் ஐந்து வேலை

1. கட்டடத்தை ஒரு சுற்று நடந்து, பின்பக்கத்தைப் பார்ப்பது.
2. சாவிக் கணக்கு எழுதுவது.
3. வாட்ச்மேனிடம் உட்கார்ந்து பேசுவது. அவர் பயப்படும் இடம் எது என்று கேட்பது.
4. கேமரா, ரூட்டர் பாஸ்வேர்டுகளை மாற்றுவது.
5. கணக்கின் நகலை எடுத்து வீட்டில் வைப்பது.

இதில் மூன்றாவதுக்குக் காசே செலவில்லை. ஆனால் கட்டடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாத பல விஷயங்கள் அங்கேதான் தெரியவரும். ஒரு டீயை வாங்கிக் கொடுத்து அதிலிருந்தே ஆரம்பியுங்களேன்.