செவ்வாயிலிருந்து வந்த செய்தி



ஒரே நாடகத்தை மனமாரப் பாராட்டவும் அதன்மீது குறை கூறவும் கேட்பவருக்கு உரிமை உண்டு. 'உலகங்களின் போர்' என்னும் விஞ்ஞானக் கற்பனை வானொலி நாடகத்தின் ஒலிப்பதிவை அண்மையில் திருப்பதியில் நம் இல்லத்தில் கேட்டபோது நமக்கு நேர்ந்தது அதுவே. சித்தூரிலிருந்து வந்திருந்த மாமாவும் உடனிருந்தார்.

ஹெச். ஜி. வெல்ஸ் 1898-இல் நூலாக வெளியிட்ட கதையைத் தழுவி, ஆர்சன் வெல்ஸ் என்னும் நடிகரின் குழுவினர் 1938 அக்டோபர் 30 அன்று இரவு அமெரிக்காவில் ஒலிபரப்பிய ஒரு மணி நேர நாடகம் அது. நடன இசை ஒலிக்கிறது. இடையில் ஒரு செய்தி: செவ்வாய்க் கிரகத்தில் வெடிப்புகள் தென்பட்டனவாம். மறுபடியும் இசை. பின்னர் நியூஜெர்சியில் ஒரு பண்ணையில் உலோக உருளை ஒன்று வந்து விழுகிறது. அங்கு நின்று வருணிக்கும் நிருபரின் குரல் பாதியில் அறுந்து, நிசப்தம் நிலவுகிறது. காட்சி ஏதுமின்றி வெறும் மௌனத்தால் அச்சமூட்டிய அத்திறமையை எவ்வளவு பாராட்டினும் தகும். பிற்பகுதியோ பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் நெடிய பேச்சாகித் தளர்ந்துவிடுகிறது.

மாமாவின் குறை வேறு. "நாடகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், செய்தி வாசிப்பவரின் குரலை எதற்காக எடுத்துக்கொண்டார்கள்?" என்றார்.

அக்கேள்வியில் நியாயம் உண்டு. 1938 செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூளுமோ என்ற கவலை சூழ்ந்திருந்தது. நிகழ்ச்சிகளை இடைநிறுத்தி அவசரச் செய்தி சொல்வது அமெரிக்க நேயர்களுக்குப் பழகிவிட்டது. நாடகம் என்று தொடக்கத்திலேயே அறிவித்தும், நடுவில் வந்து கேட்டவர்களுள் சிலர் மெய்யென்றே நம்பினர். நாடே கலங்கியதாகப் பத்திரிகைகள் எழுதியது மிகை எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். ஆயினும் 1949 பிப்ரவரியில் ஈக்வடாரின் கீட்டோ நகரில் இதே கதை ஒலிபரப்பானபோது, தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்த மக்கள் வெகுண்டு நிலையக் கட்டடத்துக்குத் தீ வைத்தனர்; உயிர்களும் பலியாயின.

மாமா தம் இளமைக்காலத்தை நினைவுகூர்ந்தார். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை நிலையம் புயல் எச்சரிக்கை சொன்னால், களத்தில் காயும் வேர்க்கடலையை வாரி உள்ளே சேர்ப்பார்களாம். தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரும் வந்து, "மெட்ராஸ் ரேடியோ என்ன சொல்லிற்று?" என்று கேட்பார்களாம். வேற்று மாநிலத்தில் வாழ்வோருக்குத் தாய்மொழியில் வரும் செய்தி அத்தகைய துணை. அக்குரல் ஒருமுறை விளையாட்டுக்குப் பொய்த்தாலும், மறுமுறை புயல் என்னும்போது கடலையை யார் வாருவார்?

விஞ்ஞான நாடகத்துக்கு இரவல் குரல் தேவையுமில்லை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் உள்ளது. அங்குள்ள ராடார் 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை விண்ணில் செலுத்தி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைக் கொண்டு மேலே வீசும் காற்றின் போக்கை அளக்கிறது. வானத்தின் பதிலுக்காக மனிதன் காத்திருக்கும் அக்கணத்தில் நாடகம் இல்லையா?

நிசப்தத்தை ஆளத் தெரிந்த அக்கலைஞர்களை வணங்குகிறோம். செய்திக் குரலை மட்டும் செய்திக்கே விட்டுவைக்குமாறு வேண்டுகிறோம்.